எல்லாருக்கும் இரண்டாவது

மாகாண ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்து அறைக்கு டயாலிசிஸ் மெஷின் வந்து இறங்கிய அன்று, மடிப்பண்ணன் கடையைப் பாதியில் சாத்திவிட்டு அதைப் பார்க்கப் போனார். அவர் சலவைக்கடைக்காரர். அவர் தேய்த்துக் கொடுக்கும் சட்டையின் மடிப்பு சாயங்காலம் வரை கலையாது என்பதால் தெருவில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கதவுக் கண்ணாடியில் மூக்கை வைத்து மெஷினை ஆசை தீரப் பார்த்தார். பிறகு வீட்டுக்கு ஓடி, மூச்சு வாங்க மனைவியிடம் சொன்னார்: "இனிமே வேன்ல போக வேண்டாம்மா. நம்ம ஊருக்கே வந்துடுச்சு."

மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் தலைநகருக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். வேன் ஓட்டுவது அவளுடைய தம்பி. விடிந்ததும் கிளம்பினால் வீடு திரும்ப இருட்டிவிடும். பள்ளமும் மேடுமான பாதையில் வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் பின்சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பாள். "வியாதிய நான் பாத்துக்குவேன். இந்த ரோடு இவங்கள ரொம்ப நாள் விட்டு வைக்காது" என்று தலைநகர் டாக்டரே மடிப்பண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

மெஷின் வந்தது, நின்றது. தண்ணீர்க் குழாய் மாட்டினார்கள். சிஸ்டர் ஒருவர் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்பினார். எல்லாம் ஆகி ஒன்று மட்டும் ஆகவில்லை. அந்த மெஷினின் ஒயரை எடுத்துச் சுவரில் யாரும் சொருகவில்லை.

"என்ன சிஸ்டர், கரண்ட் இல்லையா?" என்று மடிப்பண்ணன் போய்க் கேட்டார்.

"கரண்ட் இருக்குங்க. மெஷின் தலைநகர் குடுத்தது, அவங்களோடது. ஆஸ்பத்திரி மாகாணத்தோடது, சுவரும் மாகாணத்தோடது. தலைநகரோட ஒயர மாகாணத்தோட சுவத்துல சொருக யாருக்கு அதிகாரம்னு சட்டத்துல இல்லயாம்."

"ரெண்டு பேருல யாரோ ஒருத்தர் சொருகிட்டுப் போனா என்னங்க?"

"அப்போ இன்னொருத்தர் அதிகாரத்துல கைய வெச்ச மாதிரி ஆயிடுமாம்" என்று சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். அவருக்கே சொல்ல வெட்கமாக இருந்தது.

மடிப்பண்ணன் தினமும் காலையில் இஸ்திரிப் பெட்டியைச் சுவரில் சொருகித்தான் பிழைப்பைத் தொடங்குகிறார். இதுவரை யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. அன்றைக்கு அந்தப் பிளக்கைக் கையில் பிடித்தபோது முதல் முறையாக லேசாகப் பயம் வந்தது.

தொகுதியின் பேரவை உறுப்பினர் அவர் கடையில்தான் சட்டை தேய்க்கக் கொடுப்பார். அவரைப் பிடித்தார்.

"அண்ணே, ஒளிக்காமச் சொல்றேன்" என்றார் உறுப்பினர், சட்டையை வாங்கி மடிப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே. "எனக்குப் பேரவைல பேச அதிகாரம் இருக்கு. கவலப்பட அதிகாரம் இருக்கு. ஆழ்ந்த கவலைன்னா கூட, சபாநாயகர்கிட்ட சொல்லிட்டு அதையும் படலாம். சொருகுறதுக்கு மட்டும் இல்ல."

"அப்போ யாருகிட்டதாங்க போறது?"

"பேரவை மறுஆய்வு ஆணையம்னு போட்டிருக்காங்கல்ல? நாங்க எத்தனை பேர் இருக்கணும், எங்களுக்கு என்னென்ன அதிகாரம், எங்களை எந்த முறைல ஓட்டுப் போட்டு அனுப்பணும், மூணையும் பாக்குறாங்க. அங்க போய்ச் சொல்லுங்க. நானும் வர்றேன், எனக்கும் அங்க கேக்க வேண்டியது நெறய இருக்கு."

ஆணையத்தின் பொது விசாரணை நகர மண்டபத்தில் நடந்தது. மேடையில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கீழே மடிப்பண்ணனும், மழைக்கு ஒதுங்கிய இரண்டு பேரும் இருந்தார்கள். வருகிறேன் என்ற உறுப்பினரைக் காணவில்லை. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"அன்பான மக்களே!" என்று அந்த மூன்று பேரையும் பார்த்துத் தொடங்கினார். "ஒரு பேரவையில் அறுபது உறுப்பினர்கள் போதுமா? போதாது. அறுபது பேரால் எடுக்க முடியாத முடிவைத் தொண்ணூறு பேர் இருந்தால் இன்னும் விரிவாக, இன்னும் ஆழமாக, எல்லாப் பகுதிகளின் சார்பிலும் எடுக்காமல் இருக்கலாம். அதுதான் பிரதிநிதித்துவம். ஆனால் எத்தனை பேர் வேண்டும் என்று தீர்மானிக்க நாங்கள் ஒன்பது பேர்தான் இருக்கிறோம். இந்தச் சுமையை ஒன்பது பேர் சுமக்கலாமா? ஆகவே எங்கள் முதல் இடைக்கால அறிக்கையில், எங்கள் எண்ணிக்கையைப் பதினெட்டாக உயர்த்தும்படி ஒருமனதாகப் பரிந்துரைத்திருக்கிறோம்."

மழைக்கு ஒதுங்கியவர்களில் ஒருவர் கைதட்டினார். தட்டாவிட்டால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்.

மடிப்பண்ணன் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, விஷயத்தைச் சொன்னார். மெஷின், ஒயர், சுவர், வேன், மனைவி. மேடையில் ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனசைத் தொட்டுவிட்டோம் என்று அவர் நினைத்தார். தொட்டதென்னவோ உண்மைதான். தலைவருக்கு வாயெல்லாம் பல்லாக இருந்தது.

"இதைத்தானய்யா இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தோம்!" என்றார். "அதிகாரப் பங்கீட்டின் மொத்தச் சிக்கலும் ஒரே ஒயரில் இருக்கிறது! தலைநகரின் அதிகாரம் மெஷினிலிருந்து புறப்படுகிறது. மாகாணத்தின் அதிகாரம் சுவரிலிருந்து புறப்படுகிறது. இரண்டும் எங்கே சந்திக்கின்றன? செயலாளரே, எழுதுங்கள். இவர்தான் நமது முதன்மை எடுத்துக்காட்டு."

சும்மா சொல்லக்கூடாது, அன்றிலிருந்து மடிப்பண்ணனுக்கு மரியாதையில் குறைச்சல் இல்லை. ஒவ்வொரு விசாரணைக்கும் கார் அனுப்பிக் கூட்டிப்போனார்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். நிபுணர்கள் வந்து அவரைச் சுட்டிக்காட்டிப் பேசினார்கள். அதிகார எல்லை ஒயரின் நடுப்பகுதியில் இருக்கிறது என்றார் ஒரு பேராசிரியர். பிளக்கின் உலோக முனையில் இருக்கிறது என்றார் இன்னொருவர். இருவரும் தேநீர் இடைவேளையிலும் பேசிக்கொள்ளவில்லை. அவர் விசாரணையில் உட்கார்ந்திருந்த நாட்களில் மனைவி வேனில் போய்க்கொண்டிருந்தாள், கூடப் போக ஆளில்லாமல்.

"மாமா, அந்தக் கார அக்காவுக்கு அனுப்பச் சொல்லக் கூடாதா? என் வேனவிட அதுல குலுக்கல் கம்மி" என்றான் மைத்துனன்.

கேட்டார். கார் எடுத்துக்காட்டுக்கு மட்டும்தான், எடுத்துக்காட்டின் குடும்பத்துக்கு விதியில் இடமில்லை என்றார் செயலாளர்.

பரிந்துரைத்தபடியே ஆணையம் பதினெட்டுப் பேராக வளர்ந்தது. நகர மண்டபத்தின் சிறிய அறையில் அவர்களால் உட்கார முடியவில்லை. ஊரெல்லாம் இடம் தேடினார்கள். மாகாணத்துக்குச் சொந்தமான, தற்போது எந்த உபயோகத்திலும் இல்லாத அறை ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்தது.

மடிப்பண்ணன் அடுத்த விசாரணைக்குப் போனபோது மெஷினை மூலைக்குத் தள்ளி, நீள மேஜைகள் போட்டிருந்தார்கள். மெஷினின் தலையில் யாரோ கோட்டைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். சுவரோரம் ஒரு மின்சாரக் கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் கண் அதன் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய்ச் சுவரில் நின்றது.

"ஐயா, அது... அந்த பிளக் பாயின்ட்டுங்களே?"

"ஆமாம்" என்றார் செயலாளர். "அதிலென்ன?"

"அதுல சொருகுறதுக்கு அதிகாரம் இல்லன்னீங்களே."

"மெஷினைச் சொருக இல்லை. இது ஆணையத்தின் கெட்டில். ஆணையம் தலைநகரும் மாகாணமும் சேர்ந்து அமைத்த கூட்டு அமைப்பு. கூட்டு அமைப்பின் கெட்டிலை எந்தச் சுவரிலும் சொருகலாம்."

"அப்படின்னா நீங்களே அந்த மெஷினையும் சொருகிடலாமே ஐயா. உங்களுக்குத்தான் ரெண்டு பக்கமும் இருக்கே."

செயலாளர் பேனாவைக் கீழே வைத்தார். பதினெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர்தான் பொறுமையாக எடுத்துச் சொன்னார். "நல்லா யோசிச்சுப் பாருங்க. நாளைக்கே இத சொருகிட்டோம்னு வெச்சுக்குவோம். மெஷின் ஓடும். அப்புறம் எங்க எடுத்துக்காட்டு எங்க போறது? சிக்கலே இல்லாத எடத்துல என்னத்த மறுஆய்வு பண்றது? உங்க மனைவிக்காகவே இந்த ஆணையம் நடக்குது. அவங்க கஷ்டத்த நாங்க கண்ணுக்குக் கண்ணாப் பாதுகாத்துட்டு இருக்கோம்."

மடிப்பண்ணன் தலையாட்டினார். பெரியவர்கள் இவ்வளவு அன்பாகப் பேசும்போது எதிர்த்துப் பேச அவருக்கு வராது. வீட்டுக்கு வந்து இதை அப்படியே மனைவியிடம் சொன்னபோதுதான் உள்ளே ஏதோ எரிந்தது.

ஆஸ்பத்திரி வயர்மேன் இதையெல்லாம் கேள்விப்பட்டு ஒரு நாள் கடைக்கு வந்தார். "அண்ணே, மத்தியானம் அவங்க சாப்பிடப் போறப்போ நான் சொருகிடறேன். அக்காவக் கூட்டிட்டு வாங்க. ஓடிட்டிருக்கிற மெஷின நிறுத்த எவனுக்கும் தைரியம் வராது."

மறுநாள் மத்தியானம் பதினெட்டுப் பேரும் சாப்பிடப் போனதும் வயர்மேன் கெட்டிலைப் பிடுங்கிவிட்டு மெஷினைச் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது. சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊசியைத் தயார் செய்தார். மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "இவ்வளவுதானாங்க? வீட்லருந்து நடந்தே வந்துட்டேனே" என்று ஆச்சரியப்பட்டாள். மடிப்பண்ணனுக்கு அவளை அப்படிப் பார்க்கச் சந்தோஷம் தாங்கவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

அதற்குள் தலைவர் திரும்பிவிட்டார். கெட்டிலைத் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் ஆறிப்போயிருந்தது.

"சாட்சியத்தைக் கலைத்துவிட்டீர்களே!" என்று அவர் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்த நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஊசி ஏறுவதற்கு முன்பே ஒயரைப் பிடுங்கினார்கள். பிளக்கில் துணியைச் சுற்றி அரக்கு முத்திரை வைத்து, 'சாட்சியம், தொடாதே' என்று எழுதிக் கட்டினார்கள். மெஷினைச் சொருக யாருக்கு அதிகாரம் என்பதில்தான் இன்னும் குழப்பமே தவிர, வயர்மேனை வேலையிலிருந்து நிறுத்த யாருக்கு அதிகாரம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாலைக்குள் தலைநகர் ஒரு முறையும் மாகாணம் ஒரு முறையும் அவரை நிறுத்தின.

அடுத்து ஆணையம் வாக்களிப்பு முறைக்கு வந்தது. பழைய முறையில் ஒருவருக்குப் போட்டால் மற்றவருக்குப் போட முடியாது. மக்களின் மனசு முழுசாக வெளியே வருவதில்லை. புதிய முறையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பத்தை வரிசைப்படுத்தலாம். இதை வெள்ளோட்டம் பார்க்க, மடிப்பண்ணனையும் சேர்த்து அவர் தெருவிலிருந்து நான்கு மாதிரி வாக்காளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தெருவுக்கு எது முதலில் வேண்டும் என்பதே கேள்வி. ஜெயிப்பதை ஆணையம் தன் விசேஷ அதிகாரத்தில் உடனே நிறைவேற்றித் தரும் என்று தலைவர் வாக்குக் கொடுத்தார்.

மடிப்பண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மற்ற வாக்காளர்கள் எல்லாம் அக்கம்பக்கத்துக்காரர்கள், அவர் மனைவியைத் தெரிந்தவர்கள். வீடு வீடாகப் போனார்.

"இதக் கேக்கணுமா? அக்காவோட மெஷின் இல்லாமலா?" என்றார் மருந்துக்கடைக்காரர். "முதல்ல தெரு விளக்கு போட்டுருவேன். இருட்டுல நாலு பேர் விழுந்துட்டாங்க. ரெண்டாவது உங்களுக்குத்தான். சத்தியம்."

டியூஷன் வாத்தியார் முதலிடத்தைப் படிப்பகத்துக்கு என்று சொல்லிவிட்டிருந்தார். இரண்டாவது மெஷினுக்கு. கண்கலங்கச் சொன்னார்.

பேக்கரிக்காரர்தான் கணக்குப் போட்டார். "அண்ணே, எல்லாரோட ரெண்டாவதும் உங்களுக்கு வருது. அந்தச் செயலாளர் என்ன சொன்னாரு? ரெண்டாவதுக்கும் முழு மதிப்பு உண்டுன்னாரு. அப்போ உங்க முதல் ஓட்டு உங்களுக்கு எதுக்கு? என் கடை முன்னாடி சாக்கடை வழியுது, கொழந்தைங்க அதுல மிதிச்சுட்டு வருதுங்க. உங்க முதல எனக்குப் போடுங்க. என் ரெண்டாவது உங்களுக்கு. ரெண்டு காரியமும் நடந்துரும்."

மடிப்பண்ணனுக்குத் தன் வீட்டு விஷயத்தைத் தானே முதலில் போட்டுக்கொள்ளக் கூச்சமாகவும் இருந்தது. ஊரே தன் மனைவியை நினைக்கும்போது, தான் ஒருவன் மட்டும் சாக்கடையை நினைத்தால் என்ன? சாக்கடைக்கு முதலிடம் போட்டார். மெஷினுக்கு இரண்டாவது.

வாக்காளர்கள் குறைவாக இருந்ததால், எண்ணிக்கைக்காகச் செயலாளரும் தட்டச்சரும் ஓட்டுநரும் வாக்களித்தார்கள். மூவரும் சீட்டில் ஐந்தாவதாக அச்சிட்டிருந்த 'ஆணையத்தின் பதவிக்காலத்தை நீட்டித்தல்' என்பதற்கு முதலிடம் தந்தார்கள். தெருக்காரர்களும் அதற்கு மூன்றாவது போட்டிருந்தார்கள். ஐயாக்கள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது கடைசியில் போட்டால் நன்றாக இருக்காதே.

தலைவர் முடிவை வாசித்தார். "முதல் சுற்றில் முதலிட வாக்கு ஒன்றுகூடப் பெறாததால் மெஷின் நீக்கப்படுகிறது. படிப்பகத்துக்கும் தெரு விளக்குக்கும் ஒவ்வொன்றே, அவையும் நீக்கப்படுகின்றன. அந்தச் சீட்டுகளில் இரண்டாம் இடம் மெஷினுக்கு. அது முன்பே நீங்கிவிட்டதால், வாக்கு மூன்றாம் இடத்துக்குப் போகிறது. ஆணையத்தின் பதவி நீட்டிப்பு சாக்கடையைத் தோற்கடித்து வெற்றி பெறுகிறது. மக்களின் நம்பிக்கைக்குத் தலைவணங்குகிறேன்."

பிறகு மடிப்பண்ணனைப் பார்த்துப் பரிவோடு சொன்னார். "வருத்தப்படாதீங்க. இந்தத் தெருவுல எல்லாரும் விரும்பினது உங்க மெஷினைத்தான். யாரும் முதல்ல விரும்பல, அவ்வளவுதான். இந்த நுட்பமெல்லாம் பழைய முறையில வெளிய வந்திருக்குமா?"

வீட்டில் மனைவி விழித்துக்கொண்டு படுத்திருந்தாள். காலெல்லாம் வீங்கியிருந்தது. நடந்ததைக் கேட்டாள். "நீங்க என்னை எத்தனாவது போட்டீங்க?" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அதுவும் வராது.

"ரெண்டாவது."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "சரி விடுங்க. பேக்கரி வீட்டுக் கொழந்தைங்க பாவம், அந்தச் சாக்கடையில மிதிச்சுட்டுதான் வருதுங்க" என்றாள். திட்டியிருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும். கொல்லைப்புறம் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதார்.

அடுத்த வாரம், தலைநகரிலிருந்து திரும்பும் வழியில், வேன் பின்சீட்டில் அவள் போய்விட்டாள். எந்தப் பள்ளத்தில் என்று மைத்துனனுக்குத் தெரியவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, "அக்கா, வந்துட்டோம்" என்று கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. தெருவே திரண்டு வந்தது. மருந்துக்கடைக்காரர், வாத்தியார், பேக்கரிக்காரர் எல்லாரும் உண்மையாகவே அழுதார்கள். பேரவை உறுப்பினர் வந்து ஆழ்ந்த கவலையைத் தெரிவித்தார்.

ஆணையத்தின் நீட்டித்த பதவிக்காலமும் முடிந்து, நிறைவு அமர்வுக்கு வழக்கம்போல் கார் வந்தது. மைத்துனன் அந்த ஓட்டுநரின் சட்டையைப் பிடிக்கப் போனான். "விடு மாப்ளே, கூப்பிட்டா போகணும்" என்று மடிப்பண்ணன் ஏறிக்கொண்டார். வீட்டில் உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை.

முன்வரிசையில் அவருடைய நாற்காலி தயாராக இருந்தது. சம்பிரதாயமாக ஒரு கேள்வி பாக்கி இருப்பதாகத் தலைவர் சொன்னார்.

"மனுதாரருடைய குறை தற்போது எந்த நிலையில் உள்ளது?"

மடிப்பண்ணன் எழுந்து நின்றார். "அவ போயிட்டாங்க."

"தங்களுக்கு எங்கள் அனுதாபம். மெஷின் தேவைப்படுகிறதா, இல்லையா? அதை மட்டும் சொன்னால் போதும்."

"இனிமே எனக்கு எதுக்குங்க."

"வேனில் போகும் சிரமம்?"

"இல்லீங்க."

"ஆக, தற்போது குறை எதுவும் இல்லை."

அவர் வாயைத் திறப்பதற்குள் செயலாளர் ஆமாம் என்று எழுதிக்கொண்டார். தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பதினெட்டுப் பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இறுதிப் பரிந்துரையைச் சொல்லச் சொல்லச் செயலாளர் எழுதினார்.

"ஆணையத்தின் முன் வந்த முதன்மை எடுத்துக்காட்டில், மனுதாரரின் குறை, பேரவையின் அளவையோ அதிகாரத்தையோ வாக்களிப்பு முறையையோ எவ்விதத்திலும் மாற்றாமலேயே, தற்போதைய ஏற்பாட்டின் கீழ், முழுமையாகத் தீர்ந்துவிட்டது. எனவே எந்த மாற்றமும் தேவையில்லை என இந்த ஆணையம் ஒருமனதாக முடிவு செய்கிறது."

செயலாளர் அதை மடிப்பண்ணனுக்கு நிதானமாக ஒருமுறை படித்துக் காட்டினார். "ஏதாவது தப்பா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, திருத்திடலாம்" என்றார்.

மடிப்பண்ணன் கடைசி வரைக்கும் கவனமாகக் கேட்டார். பொய் என்று சொல்ல அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

"சரியாத்தாங்க இருக்கு" என்றார்.